ஒரு பிளேன்ரீயளவு

மூன்று சாயம் வைத்திருக்கிறேன்.
கருவுக்குக் கறுப்பு, தசைக்குச் சிவப்பு,
வடுவுக்கு நீலம்.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி மேல்மாடியில்
ஏசி பழுதான அறையில்
மெழுகில் புதைத்த சுவாசப்பையை
மயிரிலும் மெல்லிசாய்ச் சீவிக்
கண்ணாடியில் ஏற்றுவது என் தொழில்.
நோயாளியை நான் காண்பதில்லை.
எனக்கு வருவது ஒரு துண்டு, ஒரு நம்பர்.

அந்த மனிசன் படியேறி வந்தார்.
பதினெட்டுப் படி. மூன்று தரம் நின்று.
"சம்மாந்துறை உதுமாலெவ்வை. மில்லில வேல.
என்ட நெஞ்சில வெட்டின துண்டு
உங்களிட்ட இரிக்காமே.
ஒருக்காப் பாக்கணும் புள்ள."
காட்டக்கூடாது என்பது சட்டம்.
கதிரையை இழுத்துப் போட்டு
நுணுக்குக்காட்டியை அவர் கண்ணுக்குத் திருகினேன்.

நெடுநேரம் பார்த்தார்.
அவர் மூச்செடுக்க, முதுகுப்பக்கம்
பள்ளிக்கூடப் பிள்ளையின் சப்பாத்துப் பட்டி
பிய்கிற சத்தம்.
"இந்த நீலமெல்லாம் என்ன, தண்ணியா?"
"தண்ணி இல்ல. வடு."
"உள்ளுக்க நான் வெட்டுப்படல்லயே."
"உமித்தூசியா இருக்கும்.
ஆரும் சத்தியம் பண்ணமாட்டாங்க.
தூசி கீற, உடம்பு தைக்க,
கீற, தைக்க,
மறுகா தைக்கிறவனுக்கு நிப்பாட்டத் தெரியல்ல."

இன்னும் சொல்லியிருக்கலாம்.
காயத்துக்கென்று ஒரு கலம் வரும்,
கயிறு திரிக்கும், இழுத்துக் கட்டும்,
புண் வாய் மூடியதும்
யாரோ "காணும்" என்பார்கள், செத்துப்போகும்.
சிலதின் காதில் அந்தச் சொல் விழுவதில்லை.
அவசரத்துக்கென்று வந்து
அவசரம் போனபின்னும் நிற்பவற்றைப் பற்றி
இந்த ஊரில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.
என் தோளில் ஒன்று, தொண்ணூறிலிருந்து.
மழைக்கு முதல் அரிக்கும்.

குளிசை ஒன்று பரீட்சிக்கிறார்கள்.
நீலத்தைக் கரைக்காது.
பரவுகிற கையைப் பிடித்து இழுக்கும், அவ்வளவுதான்.
வருசத்துக்கு இருநூறு மில்லிலீற்றர் மூச்சு
குறைகிறவருக்கு
நூறுதான் குறையும் என்று நம்பிக்கை.
"நூறெண்டா எவ்வளவு?"
சுற்றுமுற்றும் பார்த்தேன்.
மேசையில் என் பிளேன்ரீக் கிளாஸ்.
அதைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்து
நெல்லில் ஈரம் பார்க்கிறவர் போல
கண்ணைச் சுருக்கினார்.
"இவ்வளவா? ஒரு வருசத்துக்கு?"
"ஒரு வருசத்துக்கு."
"அப்ப இது பெரிய கிளாஸ்தான்."

படிவத்தின் நாலாம் பக்கத்தில்
எறும்பெழுத்தில் இருப்பதையும் சொன்னேன்.
இதைக் குடித்தால் வெயில் ஆகாது. தோல் வெந்துபோகும்.
அவருக்கோ வெயில்தான் சம்பளம்,
அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக்
காலால் கிளறிக் கிளறி, சூடு தணியும்வரை.
மற்றது, அரைவாசிப் பேருக்கு வெறும் மாக்குளிசை.
ஆருக்கு எது என்பது உறைக்குள் இருக்கிறது.
எனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

கொஞ்சநேரம் பேசவில்லை.
ஜன்னலுக்கு வெளியே வாவியில்
ஒருவன் வலையை உதறிக்கொண்டிருந்தான்.
மறுகா கீழே போய் ஒப்பம் வைத்தாராம்.

புரட்டாதியில் திரும்பி வந்தார்.
நீளக்கைச் சேட்டு, மனைவியின் பூப்போட்ட குடை.
ராவில நெல் அவிக்கிறாராம், பகலில் தராசடியாம்,
மொதலாளி காசு குறைத்துவிட்டாராம்.
சாப்பாடு இறங்குதில்லையாம்.
பதினெட்டுப் படி. இரண்டு தரம்தான் நின்றார்.
எண்ணிக்கொண்டு வாசலில் நின்றேன்.
அதை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.
குளிசையா, மாவா,
களத்துத் தூசி விட்டதா,
அல்லது என்னைக் கண்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினாரா?

நீலம் ஒட்டிய விரலால் கேத்தலைத் தூக்கி
அவர் கிளாசுக்கு ஊற்றினேன்.
விளிம்புக்கு வந்தது. நான் இன்னும் ஊற்றினேன்.
"காணும் புள்ள," என்றார், "காணும் காணும்."
கொஞ்சம் மேசையில் சிந்திவிட்டது.